தேவாலா: லண்டனில் விளைந்த தங்கம்

பொன்னைப் பற்றிக் கொங்கு நாட்டாருக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. கோவையில் நகைப் பட்டறைகள் நெருங்கிய தெருக்களில் சாக்கடை மண்ணைக்கூட வாரி அலசி, பொடிப்பொன் பிரித்துப் பிழைப்பவர்கள் உண்டு. ஆனால் பொன் தோண்டிய ஊர் எது என்று கேட்டால் நம்மவர் கோலாரைத்தான் சொல்வார்கள். 1868 வரை கோவை மாவட்டத்தோடு சேர்ந்திருந்த நீலகிரியின் மேற்கு ஓரத்தில், கூடலூர் தாண்டி இருக்கும் தேவாலாவும் பந்தலூரும் யார் வாயிலும் வருவதில்லை. கோலாரில் ஆழச் சுரங்கங்கள் எழும் முன்பே தங்க வேட்டை மூண்ட இடம் அது.

அந்தப் பகுதிக்குத் தென்கிழக்கு வயநாடு என்று பெயர். மலபாரிலிருந்து பிரித்து நீலகிரியோடு சேர்த்தது 1877இல். அதற்கு நெடுநாள் முன்பிருந்தே அங்குள்ள குறும்பர்களும் பணியர்களும் மழைக்காலத்து ஓடை மணலை மரத்தட்டில் அலசிப் பொன் எடுத்துவந்தார்கள். குன்றுகளில் பழங்குழிகள் ஏராளம். மண் சரிந்தாலும் தளராமல் உளி கொண்டு பாறையைத் தொடர்ந்து போயிருக்கிறார்கள். கும்பினி அரசு 1830களிலேயே ஆள் அனுப்பிப் பார்த்தது. பெரிதாக ஒன்றும் தேறவில்லை.

பிறகு காப்பி வந்தது. காப்பியைத் தண்டு துளைப்பானும் இலைத்துரு நோயும் தின்றன. கடனில் மூழ்கிய வெள்ளைக்காரத் துரைமாருக்குத் தம் தோட்டத்துப் பாறைகளில் பொன் இருக்கிறது என்ற சேதி எப்படி இனித்திருக்கும்! தேவாலா அருகே ஆல்ஃபா என்ற கம்பெனி 1874இல் கிளம்பியது. மறு ஆண்டே இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் வில்லியம் கிங் ஓர் அறிக்கை தந்தார். ஆனால் தீயை மூட்டியவர் இன்னொருவர்: ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கத் துறைச் செயலராக இருந்த ராபர்ட் பிரவ் ஸ்மித். 1879இல் அரசு அவரை அழைத்துவந்தது. 1880இல் அவர் கொடுத்த அறிக்கை, பொன் தாங்கிய பாறை நரம்புகள் இங்கே ஏராளம் என்று நம்பிக்கையோடு பேசியது.

லண்டன் பங்குச் சந்தைக்கு வேறென்ன வேண்டும்? இரண்டே ஆண்டுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் பதிவாயின. காகிதத்தில் இருந்த மூலதனம் நாற்பது லட்சம் பவுண்டுக்குக் குறையாது. காப்பிக்கு உதவாத தோட்டங்கள் கொள்ளை விலைக்குக் கைமாறின. பந்தலூரில் ஓட்டல், கடைகள், தந்தி அலுவலகம் என்று ஒரு நகரமே முளைத்தது. மேலைக் கடற்கரையிலிருந்து மலைப்பாதை வழியே இயந்திரங்கள் ஏறின; சில பொருத்தப்படாமலே துருப்பிடித்தன. இப்படிப் பிறந்த கம்பெனிகளில் ஒன்றின் பெயரை கிளென்ராக் என்ற ஊர்ப்பெயரில் இன்றும் கேட்கலாம்.

ஏன் தோற்றது என்பதுதான் சுவையான பகுதி. இங்குள்ள வெண்கற்பாறையில் பொன் கந்தகக் கனிமங்களோடு சிக்கிக் கிடக்கிறது. மேல்மட்டத்தில் மழையும் காற்றும் பல்லாயிரம் ஆண்டுகளாக அந்தக் கனிமங்களைச் சிதைத்துப் பொன்னைத் தனியே விடுவித்து வைத்திருக்கின்றன. மாதிரிக்குக் கல் எடுத்தவர்கள் பெரும்பாலும் இந்த மேல்மட்டத்தைத்தான் பார்த்தார்கள். கீழே இறங்கினால் பொன் குறைவு, இருப்பதும் பிடிவாதமானது. பாறையை இடித்துத் தூளாக்கிப் பாதரசம் பூசிய செப்புத் தகட்டின் மேல் ஓடவிடுவது அன்றைய முறை. தனியாக நிற்கும் பொன்தான் பாதரசத்தில் ஒட்டும். மற்றது சேற்றோடு போய்விடும். அதைப் பிடிக்க வல்ல சயனைடு முறை ஸ்காட்லாந்தில் உருவானது 1887இல்தான். அதற்குள் இங்கே கதை முடிந்திருந்தது. டன் கணக்கில் பாறை இடித்துச் சில கிராம் பொன் கண்ட முதலாளிகளின் முகத்தை நினைத்துப் பார்க்கிறேன். போதாக்குறைக்கு வயநாட்டுக் காய்ச்சல். 1883 வாக்கில் பெரும்பாலான கம்பெனிகள் கைவிட்டுவிட்டன. 1901இல் ஹேடனும் ஹாட்சும் எழுதிய நிலவியல் ஆய்வு கடைசி ஆணியையும் அடித்தது.

கோலாரும் இதே சூதாட்டத்தில் பிறந்ததுதான். அங்கே மைசூர் கம்பெனி பணம் கரைந்து மூடப்போகும் நேரத்தில், பழங்காலக் குழிகளின் தடத்தைப் பின்பற்றி ஆழமாகத் தோண்டியவர்களுக்குச் சாம்பியன் நரம்பு அகப்பட்டது. பிழைத்தது, 2001 பிப்ரவரி 28 வரை ஓடியது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன தமிழர்களின் உழைப்பு அங்கே நூறாண்டுக்கு மேல் பொன்னாயிற்று. தேவாலாவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. என் கருத்தில் அங்கே பொய்த்தது மண் அன்று, சந்தை. தோட்டத்தையும் பங்கையும் காலத்தில் விற்றவர்கள் நிஜமாகவே பணக்காரர் ஆனார்கள். ஓடை மணல் அலசியவர்களும் எப்போதும் போல் கொஞ்சம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இடையில் நின்ற பங்குதாரர்தான் ஏமாந்தார்.

தங்கம் போன இடத்தில் தேயிலை வந்தது. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்களில் பலர் இங்குள்ள அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்தார்கள். அந்த ஊரின் இன்றைய முகம் அவர்களுடையதும் பழங்குடிகளுடையதுமே.

பழைய குழிகள் மட்டும் மூடவில்லை. வேலையில்லாத நாட்களில் இரவோடிரவாக இறங்கி, பாறை சுமந்து வந்து இடித்து, வெறுங்கையால் பாதரசத்தில் பிசைந்து, அதைச் சுட்டுப் பொன் பிரிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சட்டப்படி குற்றம், மண் சரிந்து உயிர்ப்பலியும் நேர்ந்திருக்கிறது. பாதரச ஆவி நுரையீரலுக்கும் நரம்புக்கும் நஞ்சு. திறந்த குழிகள் யானைகளுக்கும் ஆபத்து. வழக்குப் போடுவதால் மட்டும் இது ஓயாது. குழிகளை அளந்து வரைபடமாக்கி, ஆபத்தானவற்றை அடைத்து, எஞ்சிய பழஞ்சுரங்கங்கள் சிலவற்றையேனும் பாதுகாக்கப்பட்ட சின்னங்களாக அறிவிக்க வேண்டும். பொன் அலசும் முதியவர்களின் தொழிலறிவைப் பதிவு செய்யும் வேலையைக் கோவைக் கல்லூரிகளின் வரலாற்று, நிலவியல் மாணவர்கள் இந்த ஆண்டே தொடங்கலாம். ஊட்டிக்கு அப்பால் பேருந்து ஏறத் தயாராக இருந்தால் போதும்.