ஜப்பானுக்கு முதல்முறை போறீங்களா? மொழி தெரியாவிட்டால் எங்கே சமாளிக்கலாம், எங்கே சிக்கல்?

டிக்கெட் வாங்கியாச்சு, ஹோட்டல் பதிவும் முடிஞ்சுது. அப்புறம்தான் அந்தச் சந்தேகம் வரும்: "ஜப்பானிய மொழியில ஒரு வார்த்தைகூட தெரியாதே, எப்படிச் சமாளிக்கிறது?"

பெரும்பாலானோர் பயப்படுவது ரயிலை நினைத்து. உண்மையில் மொழி தெரியாதவர்களுக்கு ஆக எளிதான இடங்களில் அதுவும் ஒன்று. சிக்கல் வருவது சாப்பாட்டு மேசையிலும் மருந்துக் கடையிலும்தான். ஆகவே கவலையைக் கொஞ்சம் இடம் மாற்றி வைப்போம்.

ரயிலில் தொலைந்து போயிடுவேனா?

டோக்கியோ, ஒசாகா போன்ற நகரங்களில் நிலையப் பெயர்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஓர் எழுத்தும் எண்ணும் உண்டு. நம்ம எம்ஆர்டியில் இருப்பதைப் போலத்தான். கின்ஸா பாதையில் ஷிபுயா 'ஜி 01'. கோயிலுக்குப் பெயர்போன அசகுசா 'ஜி 19'. எண் கூடிக்கொண்டே போனால் அசகுசா பக்கம் போகிறீர்கள். குறைந்தால் திரும்பிப் பார்க்கவேண்டும். பாதையின் நிறமும் நிலைய எண்ணும் தெரிந்தால் போதும்.

கட்டணத்துக்கு சுய்கா, பஸ்மோ, இக்கோக்கா போன்ற அட்டைகள் உண்டு. ஈஸிலிங்க் மாதிரி தட்டிவிட்டுப் போகலாம். சுற்றுப்பயணிகளுக்கான 'வெல்கம் சுய்கா' அட்டை 28 நாளுக்குச் செல்லும். மிஞ்சும் பணம் திரும்பக் கிடைக்காது. அதனால் அளவாக நிரப்புங்கள். ஐஃபோன் வைத்திருப்போர் சுய்காவைத் தொலைபேசியிலேயே சேர்க்கலாம். ஜப்பானுக்கு வெளியே விற்கப்படும் ஆண்ட்ராய்டு தொலைபேசிகளில் பெரும்பாலும் அது வேலை செய்யாது.

கவனிக்கவேண்டியது வெளியேறும் வாயில். ஷின்ஜுக்கு நிலையத்தில் 200க்கும் மேற்பட்ட வாயில்கள் உள்ளன. தவறான பக்கம் வெளியே வந்தால் ஹோட்டலுக்கு நடக்கும் தூரம் இரட்டிப்பாகலாம். புறப்படும் முன்பே வாயில் பெயரையோ எண்ணையோ பார்த்து வையுங்கள்.

டாக்சி எடுப்பதாக இருந்தால், ஹோட்டல் முகவரியை ஜப்பானிய எழுத்தில் படமெடுத்து வைத்துக்கொள்வது நல்லது. டோக்கியோவில் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே கிடையாது; முகவரி வட்டாரம், வட்டாரப் பகுதி, கட்டட எண் என்று போகும். வாயால் சொல்லிப் புரியவைப்பது உள்ளூர்க்காரர்களுக்கே சிரமம். (டாக்சிக் கதவு தானாகத் திறக்கும், தானாக மூடும். நீங்கள் தொடவேண்டாம்.)

பணம்? செவன் இலெவன் கடைகளில் உள்ள ஏடிஎம் இயந்திரங்கள் வெளிநாட்டு அட்டைகளை ஏற்கும். ஆங்கிலத்துடன் மலாய் மொழியிலும் திரையைப் பார்க்கலாம்.

தமிழ் பேசுபவருக்கு ஒரு சாதகம்

ஜப்பானிய வாக்கியம் தமிழைப் போலவே வினைச்சொல்லில் முடியும். கடையில் ஒன்றைக் காட்டி "கொரே ஒ குடசாய்" என்று சொன்னால் "இதைக் கொடுங்க" என்று அர்த்தம். 'கொரே' என்றால் இது. 'ஒ' நம்ம 'ஐ' வேற்றுமை. 'குடசாய்' கொடுங்க. வரிசைகூட மாறவில்லை, பாருங்கள்.

கேள்வி கேட்க வாக்கியக் கடைசியில் 'கா' சேர்க்கவேண்டும். நாம் "போறீங்களா" என்று 'ஆ' சேர்ப்பதைப் போல. "தொய்ரெ வ டொக்கொ டெஸ் கா" என்றால் "கழிவறை எங்கே?"

குறில், நெடில் வேறுபாடும் அங்கே முக்கியம். 'ஒபசான்' என்றால் அத்தை அல்லது நடுத்தர வயதுப் பெண். 'ஒபாசான்' என்றால் பாட்டி. ஆங்கிலம் மட்டும் பேசுபவர்கள் தடுமாறும் இடம் அது. தமிழ்க் காதுக்குச் சட்டென்று பிடிபடும்.

இந்த ஒற்றுமைகளை வைத்துத்தான் சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய மொழியியலாளர் இரு மொழிகளுக்கும் உறவு உண்டு என்று வாதிட்டார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவு இருக்கோ இல்லையோ, கடையில் நிற்கும்போது வாக்கிய வரிசை கைகொடுக்கும்.

தமிழ் எழுத்தில் ஜப்பானிய ஓசை முழுமையாக வராது. மொழிபெயர்ப்புச் செயலியில் ஒருமுறை கேட்டுப் பழகிவிட்டுப் போங்கள்.

"டைஜோபு" என்றால் வேணுமா, வேண்டாமா?

கடைக்காரர் உங்களிடம் வேகமாக ஏதோ கேட்பார். பெரும்பாலும் இரண்டு கேள்விகளில் ஒன்று: பை வேண்டுமா, சாப்பாட்டைச் சூடாக்கவா? 2020 ஜூலையிலிருந்து பிளாஸ்டிக் பைக்குக் கட்டணம் உண்டு, அதனால்தான் அந்தக் கேள்வி.

வேண்டுமென்றால் "ஒனெகாய் ஷிமஸ்". வேண்டாமென்றால் "டைஜோபு டெஸ்". 'டைஜோபு' என்ற சொல்லுக்கு 'பரவாயில்லை', 'சரி' என்றும் பொருள் இருப்பதால் பலர் சம்மதம் என்று நினைத்துச் சொல்லிவிடுகிறார்கள். கடையில் அது மறுப்பு. கூடவே கையை லேசாக அசைத்தால் குழப்பமே இல்லை.

சாப்பாடு: இங்கேதான் கவனம் தேவை

சைவமா? மாட்டிறைச்சி சாப்பிடமாட்டீங்களா? ஹலால் மட்டுமா? மூவருக்குமே மொழி அவசியமாகும் இடம் இது. காரணம், கண்ணுக்குத் தெரியாத பொருள்கள்.

முதலில் 'டாஷி'. ஜப்பானிய சமையலின் அடிப்படைச் சாறு இது. பெரும்பாலும் உலர்ந்த மீன் சீவல்களிலிருந்து எடுக்கப்படுகிறது. மிசோ சூப், ஊடோன் நூடல்ஸ் சாறு, காய்கறி டெம்புராவுக்குத் தரப்படும் சாஸ், வேகவைத்த கீரை என எல்லாவற்றிலும் இருக்கும். தட்டில் காய்கறி மட்டும்தான் தெரியும். சமையல்காரரைக் கேட்டால் "மீன் இல்லை" என்றுகூடச் சொல்லலாம். பொய் சொல்கிறார் என்பதல்ல. அவருக்கு டாஷி ஒரு சுவை, மீன் அல்ல.

அடுத்தது ஜப்பானியக் கறி. "நம்ம குழம்பு மாதிரி இருக்கே, காய்கறிக் கறி வாங்குவோம்" என்று தோன்றும். அதற்குப் பயன்படும் மசாலாக் கட்டிகளில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ சேர்ப்பது வழக்கம். மேலே காய்கறி இருந்தாலும் அடியில் உள்ள குழம்பு வேறு கதை. ராமென் சாறு பல இடங்களில் பன்றி எலும்பில் செய்யப்படும். சமையலில் சேர்க்கும் மிரின் அரிசி மதுவகை. ஹலால் உணவு மட்டும் சாப்பிடுவோர் அதையும் கேட்கவேண்டும்.

"நான் சைவம்" என்று ஆங்கிலத்தில் சொன்னால் போதாது. இறைச்சி என்பதற்கான 'நிக்கு' என்ற சொல்லில் மீன் அடங்காது. "நிக்கு மோ சக்கன மோ தபெரரெமசென்" என்று சொல்லுங்கள். "இறைச்சியும் மீனும் சாப்பிட முடியாது" என்று அர்த்தம். 'மோ... மோ' என்பது நம்ம 'உம்... உம்' தான். மாட்டிறைச்சி 'கியூனிக்கு'. பன்றி 'புட்டா'. கோழி 'தொரி'. ஒவ்வொன்றாகச் சொல்வதே பாதுகாப்பு.

அதைவிட நல்ல வழி ஓர் அட்டை. முதல் நாளே ஹோட்டல் வரவேற்பில், நீங்கள் சாப்பிடாதவற்றை ஜப்பானிய மொழியில் எழுதித் தரச் சொல்லுங்கள். மீன் டாஷி, இறைச்சிச் சாறு, கொழுப்பு ஆகியவற்றையும் அதில் சேர்க்கவேண்டும். உணவகத்தில் உட்காருவதற்கு முன்பே காட்டுங்கள். ஊழியர் இரு கைகளையும் குறுக்கே வைத்துக் காட்டினால், "எங்களால் முடியாது" என்று பொருள். கோபம் அல்ல. சாறு காலையிலேயே தயாராகிவிடும், உங்களுக்காக மாற்ற இயலாது என்பதே அதன் விளக்கம். வேறு கடையைப் பாருங்கள்.

தொலைபேசிக் கேமராவால் மெனுவை மொழிபெயர்க்கலாமே? அச்சிட்ட மெனு என்றால் ஓரளவு சரியாக வரும். சுவரில் தொங்கும் கையெழுத்துப் பட்டியல்களில் அது உளறும். இணையம் இல்லாமலும் இயங்க, ஜப்பானிய மொழியை முன்கூட்டியே பதிவிறக்கிக்கொள்ளுங்கள்.

பொட்டல உணவில் முட்டை, பால், கோதுமை, நிலக்கடலை, இறால், நண்டு போன்ற ஒவ்வாமைப் பொருள்களைக் குறிப்பிடுவது கட்டாயம். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது உதவும். ஆனால் டாஷிக்கான மீன் அந்தக் கட்டாயப் பட்டியலில் இல்லை. ஒவ்வாமைக் கட்டத்தைப் பார்த்துவிட்டு "இது சைவம்" என்று முடிவுசெய்யக்கூடாது. உணவகங்களுக்கு அந்த விதி பொருந்தவும் செய்யாது.

அப்போ பட்டினியா? இல்லை. கோகோ இச்சிபான்யா உணவகத்தின் கிளைகள் பலவற்றில் இறைச்சி சேராத குழம்பு கிடைக்கும். டோக்கியோ நிலையத்தில் 'டீஸ் தான்தான்' முழுச் சைவ ராமென் விற்கிறது. கோயாசான் மலையில் உள்ள கோயில் விடுதிகளில் 'ஷோஜின் ரியோரி' எனும் பௌத்த மடத்துச் சமையல் பரிமாறப்படும்; மீன் டாஷிகூட சேராது. டோக்கியோவின் நிஷி-கசாய் வட்டாரத்தில் இந்தியர் அதிகம் வசிப்பதால் இட்லி, தோசைக்கு வழியுண்டு.

இன்னொன்று. இசாக்காயா எனும் மதுக்கூட உணவகங்களில் நீங்கள் கேட்காமலேயே ஒரு சிறு கிண்ணம் வரும். அது இலவசம் அல்ல. 'ஒத்தோஷி' என்ற இருக்கைக் கட்டணத்தின் பகுதி. பெரும்பாலும் அதில் மீனோ இறைச்சியோ இருக்கும்.

பையில் என்ன மருந்து இருக்கு?

இதை வீட்டிலேயே சரிபார்க்கவேண்டும். மூக்கடைப்புக்கு நாம் சாதாரணமாக வாங்கும் சில மாத்திரைகளில் சூடோஎஃபெட்ரின் இருக்கும். அதன் அளவு 10 விழுக்காட்டைத் தாண்டினால் ஜப்பானுக்குள் கொண்டுபோகக்கூடாது. கோடீன் கலந்த இருமல் மருந்துகளுக்கும் கட்டுப்பாடு உண்டு. கவனக்குறைவுக் கோளாற்றுக்குத் தரப்படும் ஆம்ஃபெட்டமைன் மருந்துகளுக்கு மருத்துவர் சீட்டு இருந்தாலும் அனுமதி இல்லை.

மருத்துவர் எழுதிக்கொடுத்த மற்ற மருந்துகளை ஒரு மாதத்துக்குத் தேவையான அளவு எடுத்துச் செல்லலாம். அதற்கு மேல் என்றால் முன்அனுமதி வாங்கவேண்டும்.

அங்கே போய்த் தலைவலி வந்தால்? "பனடால்" என்று கேட்டால் புரியாமல் போகலாம். "அசெட்டமினோஃபென்" என்று கேளுங்கள். தொடர்ந்து மருந்து எடுப்பவர்கள் வணிகப் பெயரை விட்டுவிட்டு மருந்தின் மூலப்பெயரை எழுதி வைத்துக்கொள்ளவேண்டும்.

பக்வா, இறைச்சி சேர்ந்த தின்பண்டங்கள் ஆகியவற்றையும் கொண்டுபோகாதீர்கள். சான்றிதழ் இல்லாத இறைச்சிப் பொருள்களுக்குத் தடை. பழங்களுக்கும் செடிகொடிகளுக்கும் சான்றிதழ் தேவை.

பயணக் காப்புறுதியைத் தவிர்க்கவேண்டாம். மருத்துவக் கட்டணம் செலுத்தாமல் நாடு திரும்பிய வெளிநாட்டவரின் விவரம் ஜப்பானியக் குடிநுழைவுத் துறைக்குப் போகிறது. மறுபடி நுழைய அனுமதி கிடைக்காமல் போகலாம்.

நிலநடுக்கம் வந்தால் புரியுமா?

1995ஆம் ஆண்டு கோபே நிலநடுக்கத்தின்போது, அறிவிப்புகள் புரியாமல் வெளிநாட்டவர் பலர் தவித்தனர். அதன் பிறகுதான் 'எளிய ஜப்பானியம்' என்ற முயற்சி தொடங்கியது. 2024 ஜனவரி 1ஆம் தேதி நோட்டோ நிலநடுக்கத்தில் என்எச்கே தொலைக்காட்சி, "சுனாமி! நிகெதெ!" என்று எளிய எழுத்தில் பெரிதாகக் காட்டியது. 'நிகெதெ' என்றால் 'ஓடுங்கள்'. 'ஜிஷின்' என்றால் நிலநடுக்கம். கடலோரத்தில் இருக்கும்போது இந்தச் சொற்கள் காதில் விழுந்தால் மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்கவேண்டாம். உயரமான இடத்துக்குப் போங்கள்.

'சேஃப்டி டிப்ஸ்' என்ற இலவசச் செயலி எச்சரிக்கைகளை ஆங்கிலத்தில் தரும். புறப்படும் முன்பே பதிவிறக்குங்கள். சிங்கப்பூரர்கள் பயண விவரங்களை வெளியுறவு அமைச்சிடம் இணையத்தில் பதிவு செய்யலாம்.

காவல்துறைக்கு 110. தீயணைப்பு, ஆம்புலன்சுக்கு 119. ஆம்புலன்சுக்குக் கட்டணம் இல்லை. 119ஐ அழைத்தால் முதலில் "கஜி", "கியூக்யூ" என்ற இரு சொற்கள் வரும். 'கஜி' தீ, 'கியூக்யூ' ஆம்புலன்ஸ். எது வேண்டுமோ அதைத் திருப்பிச் சொல்லுங்கள். உதவி கேட்டு, வழி கேட்டு 'கோபன்' எனும் சிறிய காவல் சாவடிக்கும் போகலாம். கடப்பிதழ் எப்போதும் கையில் இருக்கவேண்டும், அது சட்டம்.

ஜப்பானியச் சுற்றுப்பயண அமைப்பின் உதவித் தொலைபேசி 24 மணி நேரமும் ஆங்கிலத்தில் பேசும்: 050-3816-2787.

மலிவாக இருக்கிறதென்று இணையத்துக்கு மட்டுமான இ-சிம் வாங்குவோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அதில் குரல் அழைப்பு கிடையாது. 110, 119 எண்களை அழைக்க முடியாமல் போகலாம். உங்கள் சொந்த எண்ணின் வெளிநாட்டுச் சேவையை அணைக்காமல் வைத்திருங்கள். அதுவும் கிடைக்கவில்லை என்றால், பக்கத்துக் கடையில் "சுமிமசென், கியூக்யூ!" என்றால் அவர்களே அழைப்பார்கள்.