நொடிக்கு 4 கோடி சந்திப்பு... அதில் தேவையான ஒன்றை மட்டும் தேடிப் பிடிப்பது எப்படி? செர்ன் விஞ்ஞானிகளின் 'லேபிள்' டெக்னிக்!

ஹிக்ஸ் போசான் போன்ற புதிய துகள் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று 2012 ஜூலை 4ஆம் தேதி செர்ன் ஆய்வகம் அறிவித்தபோது, உலகமே அந்தப் பிரமாண்ட மெஷினைப் பற்றித்தான் பேசியது. சுவிட்சர்லாந்து - பிரான்ஸ் எல்லையில், பூமிக்கு அடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவில் இருக்கும் எல்.எச்.சி. என்ற துகள் மோதுவி அது.

ஆனால் அந்தக் கண்டுபிடிப்புக்குப் பின்னால் இருந்த ஓர் எண்ணிக்கையைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். அங்கே இயங்கும் அட்லஸ் ஆய்வுக்குழு அப்போது முன்வைத்த முக்கியச் சான்றுகளில் ஒன்றில், ஹிக்ஸ் இருக்கலாம் என்று கருதப்பட்ட நிறைப் பகுதியில் கிடைத்தவை வெறும் 13 பதிவுகள். ஹிக்ஸ் என்ற ஒன்றே இல்லாவிட்டாலும், அதே இடத்தில் சுமார் 5 பதிவுகள் வந்திருக்கும்.

13க்கும் 5க்கும் உள்ள வித்தியாசத்தில்தான் விஷயமே இருக்கிறது. தேடலில் நான்கைந்து பதிவுகள் விடுபட்டிருந்தாலோ, ஒரே பதிவு இரண்டு முறை எண்ணப்பட்டிருந்தாலோ கதையே மாறியிருக்கும். அப்படியானால், கோடிக்கணக்கான பதிவுகளுக்குள் இருந்து சரியானவற்றை மட்டும் எடுப்பது எப்படி?

'ஈவென்ட்' அப்படின்னா என்ன?

எல்.எச்.சி.யில் புரோட்டான்கள் கொத்துக் கொத்தாக எதிரெதிர் திசையில் சுற்றுகின்றன. இந்தக் கொத்துகள் நொடிக்குச் சுமார் 4 கோடி முறை ஒன்றையொன்று கடக்கின்றன. அப்படி ஒரு சந்திப்பில் நடந்த மோதல்களில் இருந்து சிதறிய துகள்களைச் சுற்றியுள்ள கருவிகள் பதிவு செய்கின்றன. அந்த ஒரு சந்திப்பின் மொத்தப் பதிவுக்குப் பெயர்தான் 'ஈவென்ட்'.

ஒரு ஈவென்ட்டின் அளவு சுமார் ஒன்றரை மெகாபைட். போனில் எடுக்கும் ஒரு சாதாரண போட்டோ அளவுதான். ஆனால் நொடிக்கு 4 கோடி போட்டோ எடுத்தால் எந்தக் கம்ப்யூட்டரும் தாங்காது.

அதனால் முதல் வடிகட்டலை 'டிரிகர்' என்ற அமைப்பு செய்கிறது. அட்லஸில் இது இரண்டு கட்டம். முதல் கட்டம் முழுக்க மின்னணு வன்பொருள். 4 கோடியை 1 லட்சமாகக் குறைக்கும். ஒவ்வொரு முடிவுக்கும் இருக்கும் அவகாசம் ஒரு நொடியை 10 லட்சமாகப் பிரித்தால் அதில் இரண்டரை பங்குதான்! இரண்டாவது கட்டத்தில் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர் ப்ராசஸர்கள் சேர்ந்து அதை நொடிக்கு ஆயிரம் என்ற அளவுக்குக் கொண்டு வருகின்றன. இங்கே தூக்கி எறியப்பட்டது போனது போனதுதான். திரும்பக் கிடைக்காது.

லேபிள் எதுக்கு?

நொடிக்கு ஆயிரம் என்பதே வருடக்கணக்கில் சேர்ந்தால் பல நூறு கோடி ஈவென்ட்கள் ஆகிவிடும். ஆனால் ஹிக்ஸ் உருவாவது சுமார் 100 கோடி மோதல்களுக்கு ஒருமுறைதான். அப்படி உருவான ஹிக்ஸும், எளிதில் அடையாளம் காணக்கூடிய நான்கு எலக்ட்ரான் அல்லது மியூவான்களாகச் சிதைவது சுமார் 8 ஆயிரத்தில் ஒன்று. இதற்காக ஒவ்வொரு ஆய்வாளரும் எல்லா ஃபைலையும் முதலில் இருந்து கடைசி வரை திறந்து பார்க்க ஆரம்பித்தால், வேலை முடியவே முடியாது.

இங்கேதான் மெட்டாடேட்டா வருகிறது. டேட்டாவைப் பற்றிய டேட்டா என்று சொல்லலாம். போனில் ஒரு போட்டோ எடுத்தால், எந்தத் தேதி, எந்த இடம் என்ற விவரமும் அதோடு சேர்ந்து பதிவாகிறது அல்லவா? அதேபோல ஒவ்வொரு ஈவென்ட்டுக்கும் ஒரு சின்ன லேபிள் ஒட்டப்படுகிறது. எந்த ரன்னில் பதிவானது, ஈவென்ட் நம்பர் என்ன, டிரிகரின் எந்தெந்த நிபந்தனைகளில் பாஸ் ஆனது, எந்த ஃபைலில் இருக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும்.

நிலம் வாங்குபவர்கள் வில்லங்கச் சான்று எடுப்பார்கள். அதில் பத்திரம் முழுவதும் இருக்காது. ஆனால் பத்திர எண், வருடம், எந்த சார்பதிவாளர் அலுவலகம் என்ற விவரம் இருக்கும். அதை வைத்து மூலப் பத்திரத்தின் நகலை எடுத்துக்கொள்ளலாம். ஈவென்ட் மெட்டாடேட்டாவும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

ஆரம்பத்தில் 'டேக்', இப்போ 'ஈவென்ட்இன்டெக்ஸ்'

அட்லஸ் குழு முதலில் 'டேக்' என்ற முறையைப் பயன்படுத்தியது. ஒரு ஈவென்ட்டின் மூல டேட்டா 1.6 மெகாபைட் என்றும், அதற்கான டேக் வெறும் 1 கிலோபைட் என்றும் திட்டமிடப்பட்டது. அதாவது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த 1 கிலோபைட்டுக்குள் எத்தனை எலக்ட்ரான், எத்தனை மியூவான், அவற்றின் ஆற்றல் என்ன என்ற சுருக்கமும் இருந்தது. 'குறைந்தது நான்கு லெப்டான் இருக்கிற ஈவென்ட்கள் மட்டும் வேண்டும்' என்று கேட்டால், பட்டியல் வந்துவிடும்.

இதில் ஒரு சிக்கல். கருவிகளின் அளவீட்டைத் திருத்தி, பழைய டேட்டாவை மறுபடியும் ப்ராசஸ் செய்வது துகள் இயற்பியலில் வழக்கமான வேலை. அப்படிச் செய்யும்போது ஆற்றல் போன்ற மதிப்புகள் மாறும். லேபிளில் இருப்பது பழைய கணக்காகிவிடும். ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் புதிதாக ஏற்ற வேண்டும்.

அதனால் 2015ல் எல்.எச்.சி.யின் இரண்டாவது கட்ட ஓட்டம் தொடங்கியபோது 'ஈவென்ட்இன்டெக்ஸ்' என்ற புதிய அமைப்பு பயன்பாட்டுக்கு வந்தது. மாறிக்கொண்டே இருக்கும் விவரங்களை விட்டுவிட்டு, ஈவென்ட்டின் அடையாளம், டிரிகர் முடிவு, ஃபைலின் இடம் ஆகியவற்றில் இது கவனம் செலுத்துகிறது.

இன்னொரு முக்கியமான வேலையும் இதற்கு உண்டு. ஏதாவது ஈவென்ட் தொலைந்துவிட்டதா, ஒரே ஈவென்ட் இரண்டு ஃபைலில் வந்துவிட்டதா என்று சரிபார்ப்பது. வெறும் 13 பதிவுகளை வைத்து முடிவு சொல்லும் துறையில் இது சாதாரண விஷயம் இல்லை.

இரண்டு ஃபோட்டான்கள் மோதி இரண்டு டபிள்யூ போசான்கள் உருவாகும் அரிய நிகழ்வைக் கண்டதாக 2020ல் அட்லஸ் அறிவித்தது. அந்த ஆய்வுக்காகப் பல்லாயிரக்கணக்கான ஈவென்ட்களின் மூலப் பதிவைத் தேடி எடுக்க உதவியதும் இந்த அமைப்புதான்.

டேட்டா எங்கே இருக்கு?

எல்லா டேட்டாவும் ஜெனீவாவில் மட்டும் இல்லை. சுமார் 40 நாடுகளில் இருக்கும் 170 கம்ப்யூட்டர் மையங்களில் பரவிக் கிடக்கிறது. மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும், கொல்கத்தாவின் வி.இ.சி.சி. மையமும் இந்த வலையமைப்பில் இருக்கின்றன. முன்னது எல்.எச்.சி.யின் சி.எம்.எஸ். ஆய்வுக்கும், பின்னது ஆலிஸ் ஆய்வுக்கும் சேவை செய்கின்றன. சென்னை ஐ.ஐ.டி.யும் சி.எம்.எஸ். குழுவில் உறுப்பினர்.

அட்லஸில் ஒரு ஈவென்ட் எந்த ஃபைலில் இருக்கிறது என்பதை ஈவென்ட்இன்டெக்ஸ் சொல்லும். அந்த ஃபைல் எந்த நாட்டு மையத்தில் இருக்கிறது என்பதை 'ரூசியோ' என்ற மற்றொரு மென்பொருள் சொல்லும். இரண்டும் சேர்ந்தால்தான் கையில் டேட்டா கிடைக்கும்.

லேபிளை அப்படியே நம்பலாமா?

கூடாது என்பதுதான் விஞ்ஞானிகளின் பதில். உதாரணத்துக்கு, ஆற்றல் 20 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் உள்ள மியூவான் வேண்டும் என்று ஒருவர் தேடுகிறார். லேபிளில் 19.8 என்று இருக்கும் ஈவென்ட் பட்டியலில் வராது. ஆனால் புதிய திருத்தத்தின்படி அதன் சரியான மதிப்பு 20.3 ஆக இருக்கலாம். அப்படி ஒரு ஈவென்ட் விடுபட்டால், அது விடுபட்டது என்பதே யாருக்கும் தெரியாது.

இதற்காக மூன்று எச்சரிக்கைகளைக் கடைப்பிடிக்கிறார்கள்.

ஒன்று, முதல் தேடலில் நிபந்தனையைத் தளர்வாக வைப்பது. 20 தேவை என்றால் 15ல் இருந்து எடுத்துக்கொண்டு, பிறகு முழு டேட்டாவை வைத்துக் கறாராக வடிகட்டுவார்கள்.

இரண்டு, எவ்வளவு விடுபடுகிறது என்று கணக்கிடுவது. கம்ப்யூட்டரில் செயற்கையாக உருவாக்கிய ஈவென்ட்களை அதே வடிகட்டியில் விட்டுப் பார்ப்பார்கள். 100ல் 80 மட்டுமே தேறினால், இறுதி முடிவில் அந்த இழப்பையும் சேர்த்துக் கணக்கிடுவார்கள்.

மூன்று, விடை தெரியும் முன்பே விதியை முடிவு செய்வது. பல ஆய்வுகளில் புதிய துகள் தெரியக்கூடிய பகுதியை மூடி வைத்துவிட்டு, தேர்வு விதிகளை உறுதி செய்த பிறகுதான் திறந்து பார்க்கிறார்கள். இல்லாவிட்டால், ஆசைப்பட்ட விடை வரும் வரை விதியை மாற்றிக்கொண்டே இருக்கும் ஆபத்து உண்டு.

இவற்றுக்கு முன்பே தரப் பரிசோதனையும் உண்டு. அட்லஸ் டேட்டாவைச் சுமார் ஒரு நிமிட அளவுள்ள துண்டுகளாகப் பிரித்து, அந்த நேரத்தில் கருவிகள் சரியாக இயங்கினவா என்று குறித்து வைக்கிறார்கள். சரியில்லாத நிமிடத்தில் பதிவான ஈவென்ட்டை, எவ்வளவு அரிதாகத் தெரிந்தாலும் ஆய்வுக்கு எடுப்பதில்லை.

மாணவர்களும் தேடிப் பார்க்கலாமா?

பார்க்கலாம். செர்ன் 2014ஆம் ஆண்டு நவம்பரில் 'ஓபன் டேட்டா' தளத்தைத் தொடங்கியது. முதலில் சி.எம்.எஸ். குழு 2010ல் எடுத்த டேட்டாவை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டது. பிறகு அட்லஸ் உள்ளிட்ட குழுக்களின் டேட்டாவும் சேர்ந்தது. கட்டணம் கிடையாது.

தளத்துக்குள் போனதும் பெரிய ஃபைல்களை டவுன்லோடு செய்ய அவசரப்பட வேண்டாம். எந்த ரன்கள் தரமானவை என்ற பட்டியலும், டேட்டா எந்த டிரிகர் நிபந்தனைகளின் கீழ் பதிவானது என்ற விவரமும் அங்கேயே கொடுக்கப்பட்டிருக்கின்றன. முதலில் அவற்றைப் படித்துவிட்டு, என்ன தேடுகிறோம் என்பதை ஒரு காகிதத்தில் எழுதிவைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது. செர்ன் விஞ்ஞானிகளும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.