வேட்டைக்காரரின் தொலைநோக்கி

ஸ்கொத்லாந்தின் மலைநாட்டிலே செம்மான் வேட்டைக்கு வழிகாட்டியோர் துப்பாக்கிக்கு முன்னர் தொலைநோக்கியையே கையில் எடுத்தனர். மரமற்ற சரிவிலே மல்லாந்து படுத்து, நீண்ட குழலை முழங்காலிலே தாங்கி, எதிர்மலையைத் துருவி ஆராய்வர். முதிர்ந்த கலைமானா, இளையதா என்பதை அங்கேயே துணிதல் வேண்டும். சுட்டபின் அறிந்து யாது பயன்?

உருப்பெருக்கத்தை விரும்பியவாறு மாற்றும் பார்வைத்துண்டு பழையதொரு கருத்தே. இலண்டனில் வாழ்ந்த வில்லியம் கிச்சினர் (சமையல் நூலாற் புகழ்பெற்றவரும் இவரே!) 1825ஆம் ஆண்டிலே வெளியிட்ட தொலைநோக்கி பற்றிய நூலில் அதனைப் புகழ்ந்துரைத்தார். டேவிட் புரூஸ்டரோ, அக்கருத்துக்குத் தாமே முந்தியவர் என்றார். துண்டினுள்ளே வில்லைச் சோடிகளின் இடைவெளி கூடக் கூட, உருவமும் பெருக்கும்.

ஆயின் ஒளி பெருகுவதில்லை. 60 மில்லிமீற்றர் முகவில்லை, 20 மடங்கிலே 3 மில்லிமீற்றர் அகலமான ஒளிக்கற்றையைக் கண்ணுக்கு அளிக்கும். 60 மடங்கிலே அது 1 மில்லிமீற்றராகச் சுருங்கும். காட்சிப் பரப்பும் குறுகும். வெயிலில் நடுங்கும் காற்றும் உடன் பெருத்துத் தோன்றும். மானோ வைகறையிலும் அந்தியிலும் மிகுதியாக மேயவரும். எனவே துண்டைத் தெரிவோர், கடைக்காரர் பெருமையுடன் கூறும் மேலெல்லையை விட்டுக் கீழெல்லையையே முதலில் நோக்குவது நன்று.

1900ஆம் ஆண்டிலே லோவற் பிரபு இவ்வழிகாட்டிகளைத் திரட்டித் தென்னாபிரிக்கப் போருக்குப் படையொன்று அமைத்தார். முதலாம் உலகப்போரிலும் அவர்தம் குழல்கள் பதுங்குகுழிகளிலிருந்து எதிரியைத் தேடின.