அருவி ஒன்று, விலை இரண்டு

நார்வேயில் மின்சாரம் என்றால் மலையருவிதான். 1905-ல் ஸ்வீடனிடமிருந்து பிரிந்த அந்நாட்டார், அருவிகளை அந்நியக் கம்பெனிகள் வாங்கிக் குவிப்பதைக் கண்டு அஞ்சி, மறு வருஷமே அவசரச் சட்டம் போட்டார்கள். தனியார் கட்டும் மின்நிலையம், தவணை முடிந்ததும் நஷ்டஈடின்றி அரசாங்கத்தைச் சேரவேண்டும் என்று 1909-ல் விதித்தார்கள்.

அத்தகைய நாட்டில், 2022-ல் தெற்கே ஆஸ்லோக் குடும்பஸ்தர் மின்சார பில்லைக் கண்டு திகைத்தார். வடக்கே ட்ரம்சோவில் இருந்தவருக்கு அந்தக் கவலையே இல்லை! கதையில் எழுதினால் யார் நம்புவார்கள்?

காரணம் இதுதான். 2021-ல் தெற்கிலிருந்து ஜெர்மனிக்கும் இங்கிலாந்துக்கும் கடலடிக் கேபிள்கள் இயங்கத் தொடங்கின. ஒவ்வொன்றும் 1400 மெகாவாட். ஐரோப்பாவில் எரிவாயு விலை ஏறியதும், அந்த ஏற்றம் கேபிள் வழியே தெற்கத்தி வீடுகளுக்குள் நுழைந்தது. தெற்கே அணைகளிலும் தண்ணீர் குறைவு. வடக்கே மின்சாரம் மிஞ்சியது. தெற்கே கொண்டுவரப் போதிய கம்பியில்லை.

லாபம் யாருக்கு? மின்நிலையங்களில் பெரும்பாலானவை அரசாங்கத்துக்கும் நகரசபைகளுக்கும் சொந்தம். ஜனங்கள் தங்கள் தண்ணீருக்குத் தாங்களே அதிக விலை கொடுத்தார்கள்! கூக்குரல் எழுந்தது. 2022 செப்டம்பர் முதல், யூனிட்டுக்கு 70 ஓரேக்கு மேற்பட்ட விலையில் 90 சதவிகிதத்தை அரசாங்கமே ஏற்றது. (நூறு ஓரே ஒரு குரோனர்.) 2025 அக்டோபரில், விரும்பியவர்களுக்கெல்லாம் வரி நீங்கலாக 40 ஓரே என்று நாடு முழுவதற்கும் ஒரே விலை வந்தது. வடக்கே அப்போது சந்தை விலையே அதற்கும் வெகு கீழே கிடந்தது.