விலைக்கழிவில் ஷிராஸ்: வாங்கி வைக்கத்தக்க போத்தல் எது?

பொயிண்ட் குக் மதுக்கடைகளில் ஷிராஸ் சிவப்பு வைனுக்கு விலைக்கழிவு என்ற அட்டை தொங்காத வாரம் குறைவு. எம்மவர்களிற் பலர் பிறந்தநாளுக்கும் குடிபூரலுக்கும் பரிசாக அதை வாங்குகிறார்கள். "பத்து வருடம் வைத்தால் பெறுமதி கூடும்" என்று சொல்லிப் பெட்டிக்கணக்கில் வாங்குவோரும் உண்டு. அவர்களுக்காகவே இந்தக் குறிப்பு.

முதலில், விலை ஏன் குறைகிறது? 2020 நவம்பரில் சீனா அவுஸ்திரேலிய வைனுக்குத் தண்டத் தீர்வை விதித்தது. 2021 மார்ச்சில் அது 218.4 வீதம் வரை உறுதியானது. ஆயிரம் மில்லியன் டொலருக்கு மேற்பட்ட சந்தை ஒன்று அப்படியே மூடப்பட்டது. அங்கு போனதில் பெரும்பகுதி சிவப்பு வைன். தீர்வை 2024 மார்ச்சில் நீக்கப்பட்டது. ஆனாலும் இடைப்பட்ட வருடங்களில் தாங்கிகளில் இருப்புத் தேங்கிவிட்டது. வர்த்தகம் படித்தவர்களுக்கு இது தெரிந்த கதைதான்: கிரயத்துக்கும் கீழே விற்றாவது இருப்பைக் காசாக்குவார்கள். வரியும் இதற்குத் துணை. பியருக்கும் சாராய வகைகளுக்கும் அற்ககோலின் அளவைப் பார்த்து வரி; வைனுக்கோ மொத்த விற்பனைப் பெறுமதியில் 29 வீதம், அதற்கு மேல் 10 வீத ஜீஎஸ்ரீ. மொத்த விலை விழுந்தால் வரியும் சேர்ந்து விழும்.

ஆகவே நல்ல வைனும் மலிவாக வரும். ஆனால் மலிவாக வருவதெல்லாம் வைக்கத்தக்கது அல்ல. கடையில் உள்ள வைனில் பெரும்பகுதி ஓரிரு வருடத்துக்குள் குடிப்பதற்கே செய்யப்படுகிறது. நீண்டகாலம் தாங்குவதற்குத் துவர்ப்பு, புளிப்பு, பழச்செறிவு மூன்றும் வேண்டும். அதிக நேரம் ஊறிய பிளேன்ரீ நாக்கில் பிடிப்பதுபோல இருக்கும் அந்தத் துவர்ப்புத்தான் காலப்போக்கில் மென்மையாகிறது.

லேபிளில் பார்க்க வேண்டியவை:

இடம்: பரோசா, ஹீத்கோட், கிராம்பியன்ஸ் போன்ற குறித்த பிரதேசப் பெயர் நல்ல அறிகுறி. "தென்கிழக்கு அவுஸ்திரேலியா" என்றால் பல மாநிலத் திராட்சை கலந்திருக்கலாம். பிரதேசமோ வருடமோ போட்டிருந்தால் 85 வீதமாவது அதிலிருந்து வரவேண்டும் என்பது சட்டம்.

தயாரிப்பாளர்: அதே வைன் பழைய வருடங்களில் எப்படி முதிர்ந்தது என்ற பதிவு இருக்கவேண்டும். விக்டோரியாவின் தாபில்க் தோட்டத்தில் 1860இல் நட்ட ஷிராஸ் கொடிகள் இன்றும் காய்க்கின்றன. எங்களுக்கு அருகே ஜீலோங்கில் 1877இல் பிலொக்செரா பூச்சி கண்டுபிடிக்கப்பட்டு, தோட்டங்கள் அரச உத்தரவில் பிடுங்கப்பட்டன. தப்பிய பழைய கொடிகளுக்கு மதிப்பு அதனால்தான். தயாரிப்பாளர் பெயரில்லாத "கிளீன்ஸ்கின்" போத்தல் இன்றைய சாப்பாட்டுக்குச் சரி. பத்து வருடத்துக்கு அல்ல.

மூடி: திருகுமூடி என்றால் மலிவு என்று எண்ணவேண்டாம். அது நன்றாகவே காக்கும். தக்கைமூடிப் போத்தலைப் படுக்க வைக்கவேண்டும், தக்கை காயக்கூடாது.

அடுத்தது களஞ்சியம். வைனுக்கு இருட்டும், 12 முதல் 15 பாகை வரையான மாறாத குளிரும் தேவை. எங்கள் வீடுகள் கொங்கிறீற் தளத்தில் நிற்பவை, நிலவறை இல்லை. 40 பாகை வெயிலில் கராஜ் ஒரு போறணை. 20 டொலர் போத்தல் 12ஐத் தலா 12 டொலருக்கு வாங்கினால் செலவு 144 டொலர். வெப்பத்தில் நான்கு பழுதானால் மிஞ்சிய எட்டும் தலா 18 டொலர். கழிவில் பெரும்பகுதி ஆவியாகிவிட்டது. குளிர்ப்பெட்டி வாங்கினால் அதன் விலையையும் மின்கட்டணத்தையும் கிரயத்தில் சேருங்கள். பின்னர் தெரிந்தவர்களுக்கு விற்கலாம் என்ற கணக்கும் சரிவராது. விக்டோரியாவில் அனுமதிப்பத்திரம் இன்றி மது விற்பது குற்றம்.

கடைசியாக, ஐந்தொகையில் வராத செலவு ஒன்று. 14.5 வீத ஷிராஸ் போத்தல் ஒன்றில் ஏறத்தாழ 8.6 நியம அளவு மது இருக்கிறது. தேசிய சுகாதார வழிகாட்டல் சொல்லும் உச்சம் வாரத்துக்கு 10, நாளுக்கு 4. போரும் இடப்பெயர்வும் கண்ட வீடுகளில் தனிமையும் நித்திரையின்மையும் பலரைப் போத்தலிடம் கொண்டுபோயிருக்கின்றன. அப்படி ஒருவர் இருக்கும் வீட்டில் 12 போத்தல் இருப்பு முதலீடு அல்ல, பொறுப்பு. அங்கே வாங்காமல் விடுவதே நூறு வீதக் கழிவு.

மற்றவர்களுக்கு என் ஆலோசனை: ஒன்றை வாங்கி, சாப்பாட்டோடு சுவைத்துப் பாருங்கள். பிடித்தால், குளிர்ந்த அலுமாரிக்குள் அடங்குமளவு மூன்றோ நான்கோ போதும். வாங்கிய திகதியை லேபிளில் எழுதி வையுங்கள்.