வரைபடக் கோப்பைத் திறப்பதிலும் ஆபத்து இருக்கிறது

கட்டட வரைபடம் ஒன்றைத் திறந்து பார்ப்பதால் என்ன நடந்துவிடப் போகிறது? வரைபடங்களோடு வேலை செய்யும் நண்பர்கள் என்னிடம் இப்படிக் கேட்பதுண்டு. முன்பின் தெரியாதவர் அனுப்பும் மென்பொருளை நிறுவத் தயங்கும் அவர்கள், அதே நபர் அனுப்பும் சிப் கோப்பை விரித்து உள்ளே இருக்கும் வரைபடத்தைத் தயங்காமல் திறப்பார்கள். இந்த நம்பிக்கை பிழையானது என்பதற்குப் பெரு நாட்டில் நடந்ததையே நான் உதாரணமாகச் சொல்வேன்.

2012 ஜூனில், ‘மெட்ரே’ என்ற கணினிப் புழு பற்றி ஸ்லோவாக்கியாவின் ஈசெட் நிறுவனம் அறிவித்தது. அது ஓட்டோகாட் பயன்படுத்துவோரைக் குறிவைத்தது. தொற்றிய கணினியில் திறக்கப்படும் வரைபடங்களைப் பிரதியெடுத்து, சீனாவிலுள்ள மின்னஞ்சல் கணக்குகளுக்கு அனுப்பியது. பல்லாயிரம் வரைபடங்கள் இவ்வாறு வெளியேறின. பாதிப்பில் பெரும்பகுதி பெருவில்தான்.

இதில் வரைபடக் கோப்பில் எந்த மாற்றமும் செய்யப்படவில்லை என்பதே கவனிக்க வேண்டியது. ஓட்டோகாட்டுக்குள் ஓட்டோலிஸ்ப் என்ற நிரல்மொழி உண்டு. குறிப்பிட்ட பெயர் கொண்ட ஓட்டோலிஸ்ப் கோப்பு வரைபடத்தின் அதே கோப்புறையில் இருந்தால், பழைய பதிப்புகள் அதைக் கேட்காமலே இயக்கிவிடும். அலுவலகங்கள் தமக்கான கட்டளைகளைத் தானாக ஏற்றிக்கொள்வதற்காகத் தரப்பட்ட வசதி அது. புழு அதே வழியால் நுழைந்தது. கோப்புறையை முழுதாகச் சுருக்கி இன்னொருவருக்கு அனுப்பும்போது, வரைபடத்தோடு புழுவும் சேர்ந்தே போனது.

ஓட்டோகாட் 2014 பதிப்பிலிருந்து, நம்பகமானவை என்று குறிக்கப்படாத இடங்களிலிருந்து நிரல்கள் ஏறும்போது எச்சரிக்கை தோன்றும். அந்தப் பெட்டியைப் படிக்காமல் ‘ஏற்று’ என்று அழுத்தினால் பாதுகாப்பு அங்கேயே முடிந்துவிடும்.

நிரல் எதுவும் இணைக்கப்படாத கோப்பும் ஆபத்தானதாக இருக்கலாம். கோப்பை வாசிக்கும் பகுதியில் குறைபாடு இருந்தால், அதற்கென்றே வடிவமைக்கப்பட்ட ஒரு வரைபடம் தாக்குபவரின் கட்டளைகளைக் கணினியில் இயக்கிவிடும். இவ்வகைக் குறைபாடுகளுக்காகவே ஓட்டோடெஸ்க் அடிக்கடி திருத்தங்களை வெளியிடுகிறது. புதுப்பிக்க வழியற்ற திருட்டுப் பிரதியில் அந்தக் கதவுகள் திறந்தபடியே இருக்கும்.

தொழிற்சாலை மென்பொருட்களும் விதிவிலக்கல்ல. 2010இல் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்டக்ஸ்நெட், சீமென்ஸின் ஸ்டெப் 7 திட்டக் கோப்புறைகளிலும் தன்னைப் பதித்துக்கொண்டது. அத்தகைய திட்டத்தைத் திறப்பதே தொற்றுக்குப் போதுமாக இருந்தது.

எனவே நான் சொல்லும் ஆலோசனை இதுதான். சிப் கோப்பை விரித்ததும் கோப்புறையில் என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள். கோப்புப் பெயர்களின் பின்னொட்டும் மறைந்திருக்கும் கோப்புகளும் தெரியும்படி விண்டோஸை அமையுங்கள். தேவையான வரைபடத்தை மட்டும் வெறுமையான வேறொரு கோப்புறைக்கு மாற்றித் திறவுங்கள். தரவிறக்கக் கோப்புறையை நம்பகமான இடமாக ஒருபோதும் சேர்க்காதீர்கள். நிர்வாகி அதிகாரமற்ற பயனர் கணக்கிலேயே வேலை செய்யுங்கள். பார்ப்பதற்கு மட்டும் என்றால் பிடிஎஃப் வடிவில் அனுப்பும்படி கேட்கலாம். ஆனால் பிடிஎஃப் வாசிப்பானும் புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும்.

உங்கள் கணினியில் இருப்பவை உங்கள் உழைப்பு மட்டுமல்ல. ஒருவரின் வீட்டு அமைப்பும் இன்னொருவரின் கேள்விப்பத்திர விலையும் உங்களை நம்பி அங்கே இருக்கின்றன.