கண்ட சாட்சியும் நினைவின் எல்லையும்

"கண்ணால் கண்டேன்" என்ற சொல்லுக்கு நமது சமூகங்களில் உள்ள மதிப்புப் பெரிது. ஒரு விடயத்தை நிரூபிக்க இத்தனை சாட்சிகள் வேண்டும் என்று இலங்கையின் சாட்சியக் கட்டளைச் சட்டமும் வரையறுக்கவில்லை. நம்பத்தகுந்த ஒரு சாட்சியே போதுமானது. அவ்வாறாயின், அந்த ஒருவரின் நினைவை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற கேள்வி எழுகின்றது. மட்டக்களப்பு மக்களுக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று.

வாவி சூழ்ந்த புளியந்தீவிலிருந்து வடக்கே சென்றால் சத்துருக்கொண்டான். கல்லடிப் பாலத்தைக் கடந்து தெற்கே சென்றால் காத்தான்குடி. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியின் இரு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் ஈடுபட்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். விடுதலைப் புலிகள் மீது குற்றஞ்சாட்டப்பட்டது. செப்டெம்பர் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில், இராணுவத்தினர் மீது குற்றஞ்சாட்டப்பட்ட படுகொலையில் 184 பேர் மாண்டனர். அங்கிருந்து உயிர்தப்பிச் சாட்சியமளித்தவர் ஒருவரே. இவ்விரண்டிற்காகவும் இன்றுவரை எவரும் நீதிமன்றத்தால் தண்டிக்கப்படவில்லை. எஞ்சியிருப்பது பெரும்பாலும் மனிதரின் நினைவே.

நினைவு ஒளிப்படம் போன்றதன்று என்பது உளவியல் கண்ட உண்மையாகும். ஒவ்வொரு முறை நினைவுகூரும்போதும் மனம் நிகழ்ச்சியை மீண்டும் கட்டியமைக்கின்றது என்று பிரித்தானிய உளவியலாளர் பார்ட்லெட் 1932இல் எடுத்துக்காட்டினார். 1974இல் அமெரிக்க ஆய்வாளர்களான எலிசபெத் லொஃப்டஸ், ஜோன் பாமர் ஆகியோர் மாணவர்களுக்கு ஒரு வாகன விபத்துப் படத்தைக் காட்டினர். 50 பேரிடம் வாகனங்கள் "மோதியபோது" என்ன வேகத்தில் சென்றன என்றும், வேறு 50 பேரிடம் "மோதி நொறுங்கியபோது" என்றும் வினவினர். ஒரு வாரத்தின் பின்னர், உடைந்த கண்ணாடியைக் கண்டதாக முதற் குழுவில் 7 பேரும் இரண்டாவது குழுவில் 16 பேரும் கூறினர். படத்தில் கண்ணாடி உடையவேயில்லை. அவர்கள் பொய் கூறவில்லை. கேள்வியில் இருந்த சொல் நினைவுக்குள் புகுந்துவிட்டது.

ஆயுதத்தைக் கண்டவரின் பார்வை அதிலேயே பதிந்து, அதனை ஏந்தியவரின் முகத்தைத் தவறவிடுகின்றது. பிற இனத்தவரின் அறிமுகமற்ற முகங்களை இனங்காண்பது மேலும் கடினம். அமெரிக்காவில் மரபணுச் சோதனையால் நிரபராதிகள் என நிறுவப்பட்டோரின் வழக்குகளுள் மூன்றில் இரண்டு பங்களவில் தவறான அடையாளங்காட்டலும் ஒரு காரணமாக இருந்துள்ளது.

ஆயினும், சாட்சிகளையே புறந்தள்ள இது நியாயமாகாது. கனடாவில் நிகழ்ந்த உண்மையான துப்பாக்கிச் சூடு ஒன்றை நேரிற் கண்ட 13 பேரைச் சில மாதங்களின் பின்னர் ஆய்வாளர்கள் விசாரித்து, 1986இல் முடிவுகளை வெளியிட்டனர். அவர்கள் கூறிய விபரங்களிற் பெரும்பாலானவை சரியாகவே இருந்தன. திசைதிருப்பும் கேள்விகளுக்கும் அவர்கள் மசியவில்லை. எனவே, நேரம், எண்ணிக்கை, உடையின் நிறம் போன்றவற்றில் ஏற்படும் முரண்பாட்டைக் கொண்டு "நிகழ்ச்சியே நடக்கவில்லை" என்று கூறுவது தவறு. அதேவேளை, முன்பின் அறியாத ஒருவரின் முகத்தை நீண்டகாலத்தின் பின் உறுதியாகக் கூறுவதை மட்டுமே வைத்து ஒருவரைத் தண்டிப்பதும் தவறு. முன்பே அறிந்த அயலவரை அடையாளங்காண்பதும் அந்நியரை அடையாளங்காண்பதும் ஒன்றல்ல.

செய்யவேண்டியவை கடினமானவையல்ல. சாட்சியை விரைவாகவும் தனித்தனியாகவும் பதிய வேண்டும். "நடந்ததைக் கூறுங்கள்" என்று கேட்டு, இடைமறிக்காது செவிமடுக்க வேண்டும். முதல் வாக்குமூலத்தைப் பேணிக்காக்க வேண்டும். அடையாள அணிவகுப்பை நடத்துபவர் சந்தேகநபர் யார் என்பதை அறியாதவராக இருப்பதும், சாட்சியின் உறுதிப்பாட்டை அவ்விடத்திலேயே பதிவதும் அவசியம் என அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகத்தின் அறிக்கை 2014இல் பரிந்துரைத்தது. அணிவகுப்புக்கு முன்னரே சந்தேகநபரின் படத்தை வெளியிடுவது அதன் பெறுமதியைக் கெடுத்துவிடும் என்பதை ஊடகங்களாகிய நாமும் மனதிற் கொள்ள வேண்டும்.

1990இல் பத்து வயதுச் சிறுவராக இருந்தோர் இன்று நாற்பதுகளின் நடுப்பகுதியில் உள்ளனர். அன்றைய பெற்றோரிற் பலர் இன்று நம்மிடையே இல்லை. தமிழரின் சாட்சியத்திற்கு ஓர் அளவுகோல், முஸ்லிம்களின் சாட்சியத்திற்கு வேறோர் அளவுகோல் என்றிருக்க முடியாது. மற்றவரின் சிறு தடுமாற்றத்தைப் பெரிதாக்காமலும், நம்மவரின் சொல்லைச் சோதனைக்கு உட்படுத்தத் தயங்காமலும், எஞ்சியுள்ள நினைவுகளை முறையாகப் பதிவுசெய்யும் பணியை இரு சமூகங்களும் காலந்தாழ்த்தாது ஆரம்பிக்க வேண்டும் என்பதே நமது வேண்டுகோளாகும்.